புரியவில்லை என்று யார் சொன்னது? பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

முதுகலைத் தமிழ் மூன்றாம் பருவத்தில் இருந்த ‘பின்நவீனத்துவப் புனைகதை’ என்ற விருப்பப் பாடத்தை வரும் கல்வியாண்டிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘போட்டித் தேர்வுத் தமிழ்’ வைப்பதாக முடிவு செய்திருக்கிறீர்கள். துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளைப் படித்துத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். காரணம் இரண்டே வரி: பாடம் மாணவர்களுக்குப் புரியவில்லை, தேர்ச்சி விகிதம் குறைகிறது. கதை இப்படித்தான் இருக்கும் என்ற பழக்கத்தைக் கலைத்து எழுதும் புனைவுகளைப் படிக்கிற பாடம் அது. அதை நடத்திவரும் கௌரவ விரிவுரையாளர் நான். என்னிடம் கேட்காமல் முடிவெடுக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் அதைப் படித்த மாணவர் ஒருவரைக்கூடக் கேட்காமல், அவர்களுக்குப் புரியவில்லை என்று எப்படி எழுத முடிந்தது?

துறை வழியாகக் கொடுத்த கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். என் பணி நீட்டிப்புக் கோப்பில் உங்களில் சிலரின் கையெழுத்து வேண்டும் என்பது தெரிந்தே எழுதுகிறேன். பாடவேளை போய்விடும் என்ற பயத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். புதிய பாடத்தையும் எனக்கேதான் ஒதுக்கியிருக்கிறீர்கள்.

தேர்ச்சி விகிதத்திலிருந்து தொடங்குகிறேன். எவ்வளவு குறைந்தது என்ற கணக்கு உங்கள் அறிவிப்பில் இல்லை. இருக்கட்டும். நாம் அவர்களிடம் என்ன கேட்டோம் என்பதைப் பாருங்கள். இந்தப் பாடத்தின் பத்து மதிப்பெண் வினா வருடா வருடம் ஒரே அச்சில்தான் வருகிறது: ‘பின்நவீனத்துவப் புனைவின் கூறுகளை விளக்குக.’ விடைக்குறிப்பும் மாறுவதில்லை. மையம் தகர்த்தல், நேர்கோடற்ற கதைசொல்லல், மீபுனைவு (தான் புனைவு என்பதைத் தானே காட்டிக்கொள்ளும் எழுத்து), பகடி, பிரதிகளுக்கு இடையிலான ஊடாட்டம், ஒட்டுவேலை. துணைத்தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி. கல்லூரிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் இந்தப் பட்டியல் நோட்ஸாகக் கிடைக்கிறது. அதை மனப்பாடம் செய்தவர் நாவலைத் திறக்காமலே எட்டு மதிப்பெண் வாங்கிவிடலாம். நாவலை இரண்டு முறை படித்துவிட்டு, தனக்குத் தோன்றியதைச் சொந்த வாக்கியத்தில் எழுதியவர் மூன்று வாங்குகிறார். விடைக்குறிப்பில் அது இல்லையே என்று திருத்துபவர் சொன்னால், அவர் மேலும் தப்புச் சொல்ல முடியாது. ஆக, நாம் அளந்தது மனப்பாடத்தை. அதை வைத்து வாசிப்புக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறோம்.

நேர்கோட்டைக் கலைப்பது, ஆசிரியர் நடுவில் வந்து பேசுவது, பொய் ஆவணத்தை நிஜம்போல் வைப்பது, இதெல்லாம் வாசிக்கிற ஆளிடம் ஏதாவது செய்வதற்காக எழுதப்பட்டவை. என்ன செய்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். அந்த வேறுபாடுதான் இந்தப் பாடம். வகுப்பில் நடந்ததைச் சொன்னால்தான் உங்களுக்குத் தெளிவாகும்.

சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981இல் வந்தது. அதைப் பின்நவீனத்துவ நாவல் என்று நான் சொல்ல மாட்டேன், நவீனத்துவத்தின் எல்லைக்கோட்டில் நிற்கும் நாவல் அது. ஆனால் கதை என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற பழக்கத்தைக் கலைப்பதற்குத் தமிழில் அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. ஜோசஃப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளர் 1960 ஜனவரி 5ஆம் தேதி, பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள், இறந்தார் என்ற செய்தியோடுதான் நாவலே ஆரம்பிக்கிறது. காம்யு ஜனவரி 4 அன்று கார் விபத்தில் இறந்தது நிஜம். ஜே.ஜே. கற்பனை. இதை நான் வகுப்பில் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒரு மாணவி கைபேசியில் காம்யுவின் தேதியைத் தேடிப் பார்த்துவிட்டு, அது சரியாக இருந்ததால் ஜே.ஜே.யையும் நம்பிவிட்டார். அவருடைய புத்தகங்கள் தமிழில் வந்திருக்கிறதா என்று நூலகத்தில் கேட்டிருக்கிறார். அப்படி ஒரு ஆளே இல்லை என்று தெரிந்ததும் வகுப்பில் பொங்கிவிட்டார். “அப்போ இவ்வளவு நேரமும் என்னை ஏமாத்தினாரா?”

பக்கத்தில் இருந்த மாணவி விடவில்லை. “பொன்னியின் செல்வன்ல நந்தினியும்தான் வரலாற்றுல இல்லாதவ. அதுக்கு நீ கோபப்படலையே?”

“அங்க கல்கி கதைன்னு சொல்லித்தான் ஆரம்பிக்கிறாரு. இவரு தேதி போட்டு, காம்யுவைச் சாட்சிக்குக் கூப்பிட்டுச் சொல்றாரு.”

அந்த மணி நேரம் முழுக்க இதே பேச்சுதான். ஆவணத்தின் மொழியில் எழுதினால் நாம் ஏன் உடனே நம்புகிறோம், வாழ்க்கை வரலாறு என்று அட்டையில் போட்டு வருபவற்றை எந்த நம்பிக்கையில் படிக்கிறோம், தேதி என்பது சான்றா அல்லது சான்றின் தோற்றமா என்று அவர்களாகவே கேட்டுக்கொண்டே போனார்கள். ‘மீபுனைவு’ என்ற சொல்லை அன்று யாரும் உச்சரிக்கவில்லை. அந்த மாணவி தேர்வில் வாங்கிய மதிப்பெண் குறைவு. உங்கள் கணக்கில் ‘புரியாதவர்கள்’ பட்டியலில் அவர் இருக்கிறார்.

ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ நாவலை (2001) எடுத்தபோது நடந்தது வேறு. அதில் அகதித் தஞ்சம் கேட்டு அதிகாரிகளுக்கு எழுதும் விண்ணப்பம் கதையின் பகுதியாகவே வருகிறது, அடிக்குறிப்புகளும் வருகின்றன. பெரும்பாலான மாணவர்கள் பாடநூல் பழக்கத்தில் அடிக்குறிப்பைத் தாண்டிப் போய்விட்டார்கள். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் மாணவி ஒருவர் மட்டும் அடிக்குறிப்புகளைத்தான் முதலில் படித்திருந்தார். விண்ணப்பப் பகுதியைப் பற்றிக் கேட்டபோது, அதில் எந்தப் புதுமையும் தனக்குத் தெரியவில்லை என்றார். அவர் வீட்டில் அலமாரி நிறைய அப்படிப்பட்ட தாள்கள்தான் இருக்கின்றன, அதிகாரி நம்பும்படி எழுத வேண்டும் என்று பாட்டி சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தது அவர்தான். ‘வடிவச் சோதனை’ என்று விமர்சகர்கள் சொல்வது அவருக்கு அன்றாட வாழ்க்கை. ஆனால் அதோடு நிற்கவில்லை. செத்துப்போன மனிதர்களை அடிக்குறிப்பில் வைத்தது தனக்கு வலிக்கிறது என்றும் சொன்னார். கதையை நிறுத்திவிட்டுக் கீழே பார்க்க வைப்பதற்குத்தான் அப்படி எழுதியிருக்கிறார் என்று இன்னொரு மாணவர் சொல்ல, “நீங்க யாரும் கீழ பார்க்கவே இல்லையே” என்றார். அதற்கு மேல் நான் பேசுவதற்கு என்ன இருக்கிறது? அடிக்குறிப்பு என்ற உத்தியைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் அந்த ஒரு வாக்கியம் அளவுக்குச் சொல்லவில்லை.

எல்லாருக்கும் பிடித்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. இரவில் பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்துவிட்டுக் காலையில் வகுப்புக்கு வரும் மாணவர் ஒருவர் இருந்தார். பா. வெங்கடேசனின் ‘தாண்டவராயன் கதை’யிலிருந்து சில பக்கங்களைக் கொடுத்திருந்தேன். நீண்டுகொண்டே போகும் அந்த வாக்கியங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. வாசகரிடம் நிறைய ஓய்வு நேரம் இருக்கிறது என்று நம்புகிற எழுத்து இது, தன்னைப் போன்றவரை அது நினைத்துப் பார்க்கவில்லை என்று அகமதிப்பீட்டுக் கட்டுரையில் எழுதினார். எந்த வாக்கியத்தில் தனக்கு மூச்சு விட்டுப்போனது, எழுவாய் எங்கே காணாமல் போனது, திரும்ப எங்கே வந்து ஒட்டியது என்று வரி வரியாகக் காட்டியிருந்தார். அவருடைய முடிவை நான் ஏற்கவில்லை, எனக்கு அந்த நாவல் மிகவும் பிடிக்கும். ஆனால் அந்த ஆண்டு எனக்கு வந்த கட்டுரைகளில் சிறந்தது அதுதான். ஒரு நடை தனக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்லத் தெரிந்தவருக்கு அந்த நடை புரியவில்லை என்று எப்படிச் சொல்வது? பிடிக்காமல் போவதும் புரியாமல் போவதும் ஒன்றாகாது. பருவத் தேர்வில் அவருக்கும் குறைந்த மதிப்பெண்தான்.

சாரு நிவேதிதாவின் ‘ஸீரோ டிகிரி’ (1998) நம் பாடத்தில் கிடையாது, வைக்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. ஆனால் அந்த நாவல் ‘ஒரு’, ‘ஒன்று’ என்ற சொற்களை விலக்கி எழுதப்பட்டது என்ற தகவலைச் சொல்லி, அதே மாதிரி ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள் என்றேன். எழுதிப் பார்த்தால்தான் தெரியும். ‘ஒரு ஊரில் ஒரு ராஜா’ போய்விடுகிறது. ‘ஒரு நாள்’ போய்விடுகிறது. கதை ஆரம்பிக்கவே வழியில்லாமல் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மீதிப் பேர் வேறு வாசல்களைக் கண்டுபிடித்தார்கள். தமிழ் உரைநடை எந்தச் சின்னச் சொல்லின் மேல் சாய்ந்து நிற்கிறது என்பதை அவர்கள் கையாலேயே தெரிந்துகொண்டார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கும் இது வீண் வேலை என்று நான் நினைக்கவில்லை.

‘கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு’ என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டதாகக் காதில் விழுந்தது. சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் இந்த மடலை எழுத வைத்ததே அந்த வாக்கியம்தான். நம் மாணவர்களில் பலர் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். கதைக்குள் கதை, நடுவில் புகுந்து பேசும் குரல், நடிப்பவரே ‘நான் நடிக்கிறேன்’ என்று காட்டிவிடுவது, இதெல்லாம் அவர்களுக்கு வெளிநாட்டுச் சரக்கு கிடையாது. மாணவர் ஒருவரின் பெரியப்பா தெருக்கூத்தில் கட்டியங்காரன் வேஷம் கட்டுபவர். துரியோதனன் திரைக்கு வெளியே வந்ததும் ‘யாரய்யா நீ’ என்று அவனையே கேள்வி கேட்டு, அடுத்த நிமிஷம் முன்வரிசையில் தூங்குகிறவரை வம்புக்கு இழுக்கிறவர் கட்டியங்காரன். புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ 1943இல் வந்த கதை. கடவுள் சென்னைக்கு வந்து ஒரு வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறார். அதைப் படித்தபோது இந்த மாணவர்தான் முதலில் சிரித்தார். அதே ஆண்டு வந்த ‘சாப விமோசன’த்தின் தலைமாட்டில், ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிபடாமலும் பிடிக்காமலும் போகலாம், அதைப் பற்றிக் கவலையில்லை என்று ஆசிரியரே குறிப்பு எழுதியிருக்கிறார். வாசகர்கள் பலவிதம் என்பதைக் கதைக்குள்ளேயே எழுதி வைத்த மரபு நம்முடையது.

இதே மாணவர் இன்னொரு நாள் எனக்கு எதிராகவும் பேசினார். கூத்தில் எத்தனை குறும்பு செய்தாலும் அவருடைய அம்மா விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பார், அவரை யாரும் வெளியே நிறுத்தவில்லை. இந்த நாவல்கள் அம்மாவை வெளியே நிறுத்துகின்றன என்றார். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. இப்போதும் இல்லை. அந்தக் கேள்வியை அடுத்த ஆண்டு வகுப்பிலும் வைக்கத்தான் எனக்கு இந்தப் பாடம் வேண்டும்.

உங்கள் தரப்பில் நியாயமும் இருக்கிறது. தொண்ணூறுகளில் சிற்றிதழ்களில் பின்நவீனத்துவம் பற்றி நடந்த விவாதங்களைப் படித்த மூத்த பேராசிரியர்கள் உங்களில் இருக்கிறீர்கள். கலைச்சொற்களைக் கொட்டி வாசகரை மிரட்டிய கட்டுரைகள் அன்று நிறைய வந்தன. விளக்கம் கேட்டவரை ‘பழைய வாசகர்’ என்று ஒதுக்கிய தொனியும் இருந்தது. அந்தக் கசப்பு உங்களுக்கு இருந்தால் அது நியாயமானதுதான். ஆனால் அன்று அவர்கள் வாசகருக்குத் தகுதி இல்லை என்றார்கள், இன்று நாம் மாணவருக்குத் தகுதி இல்லை என்கிறோம். இரண்டு தரப்பும் வாசகரிடம் கேட்கவில்லை.

இதற்கு வெளிநாட்டில் ஒரு முன்னுதாரணம் உண்டு. 1974இல் அமெரிக்காவின் புலிட்சர் பரிசுக்கு, தாமஸ் பிஞ்சனின் ‘கிராவிட்டீஸ் ரெயின்போ’ நாவலை மூன்று நடுவர்களும் ஒருமனதாகப் பரிந்துரைத்தார்கள். மேலே இருந்த குழு அதை ஏற்கவில்லை, படிக்கவே முடியவில்லை என்ற குரல் அங்கே எழுந்தது. அந்த ஆண்டு புனைகதைக்குப் பரிசே கொடுக்கப்படவில்லை. அதே நாவல் அதே ஆண்டு அங்குள்ள தேசியப் புத்தக விருதைப் பகிர்ந்துகொண்டது. படிக்க முடியவில்லை என்று சொன்ன உறுப்பினர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அப்படித்தான் இருந்திருக்கும். அந்த அனுபவத்தை எல்லாருக்குமான தீர்ப்பாக மாற்றும் அதிகாரம் அவர்கள் கையில் இருந்தது, அதுதான் சிக்கல். இங்கே உங்கள் கையில் இருக்கிறது.

பாடத்திட்டம் வகுக்கிறவர்கள் என்பதால் இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். பின்நவீனம் என்ற சொல்லைப் பரவலாக்கிய பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதாரின் ‘பின்நவீன நிலை’ (1979), கனடாவில் கியூபெக் அரசின் பல்கலைக்கழகங்களுக்கான குழு கேட்டு எழுதிக் கொடுத்த அறிக்கை. உங்களைப் போன்ற ஒரு குழுவுக்காக எழுதப்பட்டது. உயர்கல்வியில் இனி ‘இது உண்மையா’ என்று யாரும் கேட்க மாட்டார்கள், ‘இதனால் என்ன பயன்’ என்றுதான் கேட்பார்கள் என்று அவர் அதில் எழுதினார். போட்டித் தேர்வுத் தமிழ் தேவை. நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும், அதில் எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை. அதை வைப்பதற்கு ஏன் இதை எடுக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. விருப்பப் பாடம் என்றால் விரும்புகிறவர் எடுத்துக்கொள்ளட்டும். இரண்டையும் வையுங்கள்.

என் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன்.

கல்விப்பேரவையின் ஒப்புதலுக்குப் போகும் முன் இந்த முடிவை நிறுத்தி வையுங்கள். கடந்த ஆண்டுகளில் இந்தப் பாடத்தைப் படித்தவர்களில் சிலரை, தேறாதவர்களையும் சேர்த்து, அடுத்த கூட்டத்துக்கு அழைத்துப் பேச விடுங்கள். நான் அந்த அறையில் இருக்க வேண்டும் என்றில்லை. நான் இல்லாவிட்டால் அவர்கள் இன்னும் மனம் திறந்து பேசுவார்கள்.

வினாத்தாளை மாற்றுங்கள். ‘கூறுகளை விளக்குக’ என்ற வினாவை எடுத்துவிட்டு, மாணவர் இதுவரை பார்த்திராத புனைகதைப் பக்கம் ஒன்றை அச்சிட்டுக் கொடுங்கள். இதைப் படிக்கும்போது உங்களுக்கு என்ன நேர்ந்தது, எழுத்தில் எது அதைச் செய்தது என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்று காரணத்தோடு எழுதினால் முழு மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பிலேயே அச்சில் இருக்கட்டும். மாதிரி வினாத்தாள் தயாரித்து இந்த மடலோடு துறைத் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன்.

நூலகத்தில் இந்த நாவல்கள் குறிப்புதவிப் பிரிவில் பூட்டிக் கிடக்கின்றன. வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் மாணவர்கள் நூலகத்தில் உட்கார்ந்து நாவல் படிப்பது நடக்காத காரியம். அவற்றை இரவல் பிரிவுக்கு மாற்றி, ஒவ்வொன்றிலும் கூடுதல் பிரதிகள் வாங்குங்கள். விலை அதிகம் என்றால் இரண்டு நாவலை மட்டுமாவது வாங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பாடத்தை நீக்குவதுதான் முடிவு என்றால், தேர்ச்சி விகிதக் கணக்கை ஆண்டுவாரியாகவும் மற்ற விருப்பப் பாடங்களோடு ஒப்பிட்டும் வெளியிடுங்கள். ‘மாணவர்களுக்குப் புரியவில்லை’ என்ற வரியை அறிவிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். அப்புறம், ‘கொரில்லா’வையாவது கட்டாயப் பாடமான புனைகதை இலக்கியத்தின் ஐந்தாம் அலகுக்கு மாற்றுங்கள். இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று கல்விப்பேரவை கூடுவதற்கு முன் எழுத்தில் பதில் தாருங்கள். அந்தப் பதிலையும் அறிவிப்பு ஒட்டிய அதே பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
கௌரவ விரிவுரையாளர்,
தமிழ்த்துறை